குறைந்த அதிர்வெண்ணை அளக்கும் ஒளியியல் முடுக்கமானிகள்: வில்லும் வெப்பமும்

ஒளியியல் முடுக்கமானி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் லேசரில் தொடங்கி லேசரிலேயே முடிகின்றன. அலைநீளத் துல்லியம், ஒளியுணரியின் இரைச்சல் என்று பக்கங்கள் நீளும். உள்ளே தொங்கும் நிறையும் அதைத் தாங்கும் வில்லும் ஒரு பத்தியில் அடங்கிவிடும். சில நூறு ஹெர்ட்ஸ் அதிர்வுகளுக்கு இது போதுமானதாக இருக்கலாம். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிவமைப்பின் முன்னுரிமை தலைகீழாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வரம்பில் அளக்க வேண்டியவை ஏராளம். 2000 ஜூனில் திறந்த சில நாட்களிலேயே மூடப்பட்ட லண்டன் மில்லெனியம் நடைபாலம் பக்கவாட்டில் ஆடியது 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ் வரையில்தான். கடலலைகள் தரைக்குள் செலுத்தும் ஓயாத நடுக்கம் இன்னும் மெதுவானது. அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ 5 வினாடி. பீசோ மின்படிகம் இங்கே தடுமாறும். மெதுவான விசை உண்டாக்கிய மின்னூட்டம், அளந்து முடிப்பதற்குள் கசிந்துவிடுகிறது. ஒளி அளப்பதோ நிறையின் இடத்தை, இடம் கசிவதில்லை. ஆனால் சுழி அதிர்வெண் வரை திறந்திருக்கும் அதே வாசல் வழியாகத்தான் வெப்பமும் சாய்வும் நுழைகின்றன.

ஒத்ததிர்வுக்குக் கீழே நிறையின் நகர்வு, முடுக்கத்தை ஒத்ததிர்வுக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்த ஈவு. ஒத்ததிர்வு 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மைக்ரோ-ஜி முடுக்கம் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) நிறையைக் கால் பிக்கோமீட்டர் நகர்த்தும். 10 ஹெர்ட்ஸ் என்றால் 2.5 நானோமீட்டர், அதாவது பத்தாயிரம் மடங்கு. எந்த லேசரும் இலவசமாகத் தராத ஆதாயம் இது. விலையும் உண்டு: செங்குத்து அச்சில் 10 ஹெர்ட்ஸ் வில் தன் நிறையால் 2.5 மில்லிமீட்டர் தொய்யும். 1 ஹெர்ட்ஸ் வில் 25 சென்டிமீட்டர் தொய்யும். இந்தச் சிக்கலைத் தாண்டவே இயற்பியலாளர் லகோஸ்ட் 1934-ல் சுழிநீள வில்லை (விசை தன் முழு நீளத்துக்கு நேர்விகிதமான வில்) கொண்டுவந்தார்.

பாலங்களுக்குப் பலரும் பரிந்துரைப்பது, இழை நீளும்போது எதிரொளிக்கும் அலைநீளம் பெயரும் ஒளியிழைக் கீற்றணி. 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒற்றை இழையில் 100 கிராம் நிறையைத் தொங்கவிட்டு, இழையையே வில்லாகக் கொள்வோம். ஒரு ஜி-க்கு இழையின் திரிபு சுமார் 1,100 மைக்ரோதிரிபு. 1,550 நானோமீட்டர் ஒளியில் அலைநீளப் பெயர்ச்சி ஏறத்தாழ 1.3 நானோமீட்டர். ஒரு பிக்கோமீட்டரைப் பிரித்தறியும் கருவிக்கு அது 750 மைக்ரோ-ஜி. இழையை நீட்டினால் உணர்திறன் கூடும் என்று நினைப்போர் உண்டு. கூடாது. நீளத்தை இரட்டித்தால் நிறை இருமடங்கு நகரும். அந்த நகர்வு இருமடங்கு நீளத்தில் பரவுவதால் திரிபு மாறாது, ஒத்ததிர்வு மட்டுமே இறங்கும். மேலும், ஒரு டிகிரி செல்சியஸ் மாற்றம் கீற்றணியை ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகர்த்துகிறது. எதிரெதிராக இரு கீற்றணிகளை வைத்து வேறுபாட்டை எடுத்தாலும், அவற்றுக்கிடையே நூறில் ஒரு பங்கு டிகிரி வித்தியாசம் இருந்தால் பத்துக்கணக்கான மைக்ரோ-ஜி பிழை மிஞ்சும். கனரக வாகனம் குலுக்கும் பாலத்துக்கு இது சரி. காற்றில் மெல்ல மூச்சுவிடும் பாலத்துக்குச் சரிவராது.

குறுக்கீட்டுமானி இந்தப் பிரிதிறன் தடையை எளிதாகத் தாண்டும். ஒரு நானோமீட்டர் நகர்வு மைக்கேல்சன் அமைப்பில் 8 மில்லிரேடியன் கட்டமாற்றம். அரை அலைநீள நகர்வுக்கு ஒரு குறுக்கீட்டுப் பட்டை கடக்கும். 10 ஹெர்ட்ஸ் வில்லில் அந்த நகர்வு 0.31 மில்லி-ஜி. எனவே பெரிய அதிர்வில் பட்டைகளைத் திசையறிந்து எண்ணியாக வேண்டும். அது நடைமுறையில் சாத்தியம் என்பதை ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் சும்பெர்கே குழு, விசைப் பின்னூட்டமில்லாத ஒளியியல் நிலநடுக்கமானி பற்றி 2010-ல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. அதில் நான் கவனிப்பது லேசரை அல்ல. நிறையைத் தாங்க அவர்கள் நம்பியது, நிலநடுக்கமானி வடிவமைப்பாளர்கள் வீலண்ட், ஸ்ட்ரெக்கைசன் மரபில் வந்த பழைய இலைவில் தொங்கலை.

இனி வெப்பம். எஃகின் யங் குணகம் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் இரண்டு முதல் மூன்று பங்கு குறைகிறது. செங்குத்து வில் எப்போதும் ஒரு ஜி-யைத் தாங்கி நிற்பதால், பிழை நேரடியாக ஜி-யின் அதே பங்கு: டிகிரிக்கு 200 முதல் 300 மைக்ரோ-ஜி. ஒத்ததிர்வை எவ்வளவு தாழ்த்தினாலும் இந்த எண் மாறாது. ஒரு சென்டிமீட்டர் பாதை வேறுபாடுள்ள குறுக்கீட்டுமானியில் லேசரின் அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ் நழுவினால் 10 ஹெர்ட்ஸ் கருவியில் வரும் பிழையோ வெறும் 0.2 மைக்ரோ-ஜி. ஒரு டிகிரி வெப்பம் இழைக்கும் தவறு இதைப்போல ஆயிரம் மடங்கு. வெப்பத்தால் மீள்தன்மை மாறாத எலின்வார் உலோகக் கலவையையும், நீளம் மாறாத இன்வாரையும் கண்டறிந்த இயற்பியலாளர் கியோம் 1920-ல் நோபல் பெற்றார். அந்த விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், சாதாரண எஃகுத் தகட்டின் மேல் விலையுயர்ந்த லேசரைப் பூட்டுவது எனக்கு விளங்காத சிக்கனம்.

வெப்ப நழுவல் மெதுவானது, வடிகட்டி நீக்கிவிடலாம் என்பது வழக்கமான மறுப்பு. பாதி சரி. உறையின் வெப்ப நேர மாறிலி ஒரு மணி என்றால், 10 வினாடிச் சுற்றுக்கால மாற்றம் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் தணியும். வெளியே ஒரு டிகிரி ஆடினாலும் உள்ளே 0.1 மைக்ரோ-ஜி அளவே. 100 வினாடியில் அது ஒரு மைக்ரோ-ஜி ஆகிவிடும். வெயிலும் மேகமும் மாறிமாறிப் படும் பாலத்தின் தளத்தில் அந்தச் சுற்றுக்காலம் அரிதல்ல. அங்கே எந்த வடிகட்டியும் சமிக்ஞையையும் வெப்பத்தையும் பிரித்தறியாது.

கிடை அச்சில் ஈர்ப்பின் சுமை இல்லை, பதிலாகச் சாய்வு. ஒரு மைக்ரோரேடியன் சாய்வும் ஒரு மைக்ரோ-ஜி முடுக்கமும் கருவிக்கு ஒன்றே. இது இயற்கையின் விதி. எந்த ஒளியியலும் இதற்கு மருந்தாகாது. தனிச் சுழற்சிமானி வைப்பதே வழி.

ஆகவே நானோ-ஜி துல்லியம் என்று அறிவிக்கும் கட்டுரை, வில்லின் வெப்பக் குணகத்தையும் உறையின் வெப்ப நேர மாறிலியையும் அதே அட்டவணையில் தர வேண்டும். அவை இல்லாத எண்ணை, 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மதிப்பீட்டாளர்கள் ஏற்கக் கூடாது.