பக்கக்கோட்டை ஆண்ட ஜிம்மி ஜான்ஸ்டன்

கால்பந்தில், மைதானத்தின் பக்கக்கோட்டை ஒட்டிப் பந்தைக் கடத்திச் சென்று, எதிரணித் தடுப்பாட்டக்காரரை ஏய்த்துத் தாண்டி, கோல் முகப்பில் காத்திருக்கும் சக வீரருக்கு அதைச் சேர்ப்பவர் விங்கர் எனப்படுகிறார். 1966இல் ஆல்ஃப் ராம்சேயின் இங்கிலாந்து அணி விங்கர்களை நம்பாமலேயே உலகக் கோப்பையை வென்றதும், அந்த இடத்தின் காலம் முடிந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. அதை அடுத்த ஆண்டே தம் கால்களால் போக்கியவர் ஸ்காட்லாந்தின் ஜிம்மி ஜான்ஸ்டன்.

லானார்க்‌ஷயர் வட்டாரத்தின் வியூபார்க்கில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1944 செப்டம்பர் 30 அன்று பிறந்த அவர், ஆங்கில விங்கர் ஸ்டான்லி மேத்யூஸைப் பற்றிப் படித்துவிட்டு, பால் புட்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் இடைவெளிகளில் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுசென்று பழகினார்; கால்களுக்கு வலு ஏற, தந்தையின் கனத்த சுரங்கக் காலணிகளை மாட்டிக்கொண்டும் ஓடினார். சுமார் 5 அடி 4 அங்குலமே இருந்த உயரம் அவருக்குக் குறையாக அமையவில்லை. தரையோடு தரையாகத் தாழ்ந்து, ஒரு புறம் சாய்வதுபோல் காட்டி மறுபுறம் திரும்புகையில், நெடிய தடுப்பாட்டக்காரர் உடலைத் திருப்பி முடிப்பதற்குள் பந்து அவரைத் தாண்டியிருக்கும்.

1963இல் கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்காக முதன்முதலில் ஆடிய ஜான்ஸ்டன், 1965இல் பயிற்சியாளராக வந்த ஜாக் ஸ்டைனிடம் முழுமை பெற்றார். இன்றைய சாம்பியன்ஸ் லீகின் முன்னோடியான ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் 1967 மே 25 அன்று லிஸ்பனில் நடந்தபோது, கோல் வாங்காமல் காப்பதையே உயிராகக் கொண்ட ‘கத்தனாச்சோ’ முறையில் தேர்ந்த இன்டர் மிலானை, கிளாஸ்கோவைச் சுற்றிச் சுமார் 30 மைலுக்குள் பிறந்த, ஜான்ஸ்டன் உள்ளிட்ட செல்டிக்கின் பதினொருவர் 2-1 என வென்றனர். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருதுத் தேர்வில் அவ்வாண்டு ஜான்ஸ்டனுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

எவரையும் எதிர்த்து ஆடத் தயங்காத அவருக்கு விமானப் பயணம் மட்டும் பெரும் அச்சமாக இருந்தது. 1968 நவம்பரில் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கு எதிராகக் கிளாஸ்கோவில் நடந்த ஆட்டம், இடைவேளையில் 1-1 எனச் சமநிலையில் நின்றது. நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் பெல்கிரேடில் நடக்கும் மறு ஆட்டத்துக்குப் பறக்க வேண்டாம் என்று ஸ்டைன் வாக்களிக்க, ஜான்ஸ்டன் தாமே இரண்டு கோல் அடித்து, மற்றவர்களுக்கும் வாய்ப்புகளை உருவாக்கித் தந்து, ஆட்டத்தை 5-1 என முடித்தார். வாக்குக் காப்பாற்றப்பட்டது.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற செல்டிக்கின் தூணாக விளங்கியவரை, ஸ்காட்லாந்து தேசிய அணி 23 ஆட்டங்களில் மட்டுமே களமிறக்கியது. அவருடைய திறமைக்கு அது மிகக் குறைவு. 1975இல் செல்டிக்கை விட்டு நீங்கிய பின் பல அணிகளுக்கு ஆடினாலும் பழைய ஒளி திரும்பவில்லை. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய் 2001இல் அவருக்குக் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு, செல்டிக் வரலாற்றின் ஆகச் சிறந்த வீரராக ரசிகர்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். 2006 மார்ச் 13 அன்று மறைந்த ஜான்ஸ்டனின் சிலை செல்டிக் பார்க் மைதானத்தின் வெளியே நிற்கிறது. அதன் காலடியிலும் பந்து இருக்கிறது.