பவர் ஸ்டீயரிங்: சேற்றுழவு வண்டிகளில் பழுதும் மேம்பாடும்

ஓட்டுநரின் கை கொடுக்கும் சொற்ப சக்தியை, இன்ஜினால் சுழலும் பம்ப் எண்ணெயில் உண்டாக்கும் அழுத்தத்தின் துணைகொண்டு பன்மடங்காக்கி, முன்சக்கரங்களைத் திருப்பும் சாதனமே பவர் ஸ்டீயரிங். மோட்டார்க் காரில் இது சௌகரியம். உழவு டிராக்டரிலும், பாதையற்ற பிரதேசங்களில் ஓடும் ஜீப்பிலும் அநேகமாக அவசியம். மயிலாடுதுறைக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் அமைந்த குத்தாலத்தைச் சுற்றியுள்ள வண்டல் வயல்களில், மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தால் குறுவைக்கும், பின்னர் சம்பா, தாளடிகளுக்கும் தண்ணீர் கட்டித் தொழி உழவு நடக்கும் பருவத்தில், இரும்புக் கூண்டுபோன்ற கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் சால் முடியும் ஒவ்வொரு வரப்போரத்திலும் திரும்பியாக வேண்டியிருப்பதால், இச்சாதனத்தின் குணமும் குற்றமும் இங்கே வெளிப்படுவதுபோல் தார்ச்சாலையில் வெளிப்படுவதில்லை.

எண்ணெய் அழுத்தத்தால் வண்டியைத் திருப்பும் முறையை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் ஓட்டிக் காட்டினார். செலவுக்கு அஞ்சி மோட்டார் கம்பெனிகள் தயங்கின. இரண்டாம் உலக யுத்தத்தின் கவச வண்டிகள் முந்திக்கொண்டன. 1951இல்தான் கிரைஸ்லர் கம்பெனி அதைக் கார்களில் பொருத்தி விற்றது. டிராக்டர் வகைக்கு ஆதாரமானது அதனின்றும் வேறான ஒரு யந்திரம். மினசோட்டாவில் லின் சார்ல்சனின் நிறுவனம் 1950களில் வடிவமைத்த, ஏழு பள்ளங்கள் கொண்ட வளையத்துக்குள் ஆறு பற்கள் கொண்ட சக்கரம் உருண்டு சுழலும் அமைப்பிலிருந்து பிறந்த அதனை மெக்கானிக்குகள் ஆர்பிட்ரால் என்பார்கள். தமிழ்நாட்டில், திருச்சியை அடுத்த விராலிமலையில் ரானே குழுமத்தின் ஆலை ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கியர்களைத் தயாரித்து வந்திருக்கிறது.

இருவகை அமைப்புகளுக்கும் உள்ள பேதத்தை முதலில் அறிதல் வேண்டும். ஜீப்பில் ஸ்டீயரிங் பெட்டியும் டிராக் லிங்கும் இருந்தபடியே இருக்க, எண்ணெய் துணை மட்டுமே செய்கிறது. ஹோஸ் அறுந்தாலும் திருப்பத் தேவையான பலம் கூடுமேயன்றித் தொடர்பு அறாது. டிராக்டரிலோ ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பே கிடையாது. ஆர்பிட்ரால் அளந்து அனுப்பும் எண்ணெய் முன் அச்சிலுள்ள சிலிண்டரைத் தள்ளுகிறது. இன்ஜின் நின்றுவிட்டால் அதே ஆர்பிட்ரால் கைப்பம்பாக மாறி, பெருஞ்சிரமத்துடனேனும் வண்டியைத் திருப்ப உதவும். ஹோஸ் அறுந்தால் அந்த உபாயமும் இல்லை.

பழுதுகளைப் பற்றிப் பேசுமுன், சேற்றில் வண்டி திரும்பவில்லை என்று வரும் புகார் எல்லாம் ஸ்டீயரிங்கின் குற்றமல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் தூக்கியிருக்கும் ரோட்டவேட்டரின் பாரத்தால் முன்பக்கம் இலேசாகிவிட, முன்சக்கரங்கள் முழுக்கத் திரும்பியிருந்தும் வண்டி நேரே வழுக்கிச் செல்லுமாயின், வேண்டுவது முன் எடையும், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியே அமைந்த பிரேக்குகளில் உள்பக்கத்ததை மிதிக்கும் பழைய வித்தையுமேயன்றிப் புதுப் பம்ப் அல்ல. பம்பை மாற்றுவது எளிது என்பதனாலேயே எல்லாப் பழிகளும் அதன்மேல் ஏறுகின்றன.

சக்கரமே திரும்ப மறுத்தால், முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, சிலிண்டரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்ப்பது முதல் பரிசோதனை. அப்போதும் இறுக்கமாக இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னில் கிரீஸ் வற்றிச் சேறு புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். கை தள்ளியதற்கு இணங்கினால் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து நிறுத்திவைத்தால் பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்: நுரை சற்று நேரத்தில் அடங்கித் தெளிந்தால், பம்புக்கு எண்ணெய் வரும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது, பம்பின் ஊளைச் சத்தத்துக்கும் அதுவே காரணம், தெளியாமல் மோர்போல் வெளுத்தே நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. குத்தாலத்து வயல்களில் இரண்டாவதே பிரதான சத்துரு. சேற்றில் முங்கி முங்கி எழும் சிலிண்டர்த் தண்டில் மண்துகள் ஒட்டிக் காய்ந்து, தண்டு உள்ளே போகும்போதெல்லாம் சீலின் உதட்டை அராவிவிடுகிறது. எண்ணெய் கசிவதற்கு முன்னமே தண்ணீர் நுழைகிறது. மாலையில் வண்டியைக் கழுவுகிறவர் அந்தத் தண்டை ஒரு துணியால் துடைத்துவிடுவாரானால் பாதிச் செலவு மிஞ்சும்.

சக்கரம் ஒரு கோடிக்குத் திரும்பி நின்ற பிறகும் ஸ்டீயரிங் மெல்லச் சுழன்றுகொண்டே போனால், சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கலாம். வண்டியைக் கோடிவரை திருப்பி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இல்லாத பக்கத்து ஹோஸைக் கழற்றி, கழற்றிய ஹோஸின் வாயை அடைத்துவிட்டு, மீண்டும் இன்ஜினை ஓட்டி அதே திசையில் திருப்பிப் பிடித்தால், சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து எண்ணெய் ஓயாமல் வருமானால் சந்தேகமில்லை. வராவிட்டால் ஆர்பிட்ராலையே சோதிக்க வேண்டும். ரிப்பேர் செய்து திரும்பிய ஆர்பிட்ரால், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தானாகவே ஸ்டீயரிங்கைச் சுழற்றுமானால், உள்ளே பற்சக்கரத்தை வால்வுடன் பொருத்திய நிலை தவறிவிட்டது என்பது பொருள். ஓட்டிப் பார்ப்பது அபாயம். பம்பை இறுதியில், பிரஷர் கேஜ் வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோடிவரை திருப்பி இரண்டொரு விநாடி பிடித்தால் முள் கையேடு குறித்த அளவைத் தொட வேண்டும். அதற்குமேல் பிடித்தால் ரிலீஃப் வால்வு வழியே ஓடும் எண்ணெய் வீணே கொதிக்கும்.

பழைய சாதாரண ஸ்டீயரிங் டிராக்டருக்குப் பவர் ஸ்டீயரிங் பொருத்துவோர் முதலில் கணக்குப் போட வேண்டும். 50 மில்லிமீட்டர் உள்விட்டமும், 25 மில்லிமீட்டர் தண்டும், 200 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட இருபுறத் தண்டுச் சிலிண்டர் கோடிக்குக் கோடி செல்ல ஏறத்தாழ 295 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். சுற்றுக்கு 80 கன சென்டிமீட்டர் தரும் ஆர்பிட்ராலாயின் அதற்கு 3.7 சுற்று. நிமிஷத்துக்கு 90 சுற்று வேகத்தில் திருப்ப 7.2 லிட்டர் பாய வேண்டும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போதே பம்ப் அதைத் தர வேண்டும், ஏனெனில் வரப்போரத்தில் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தித்தான் திருப்புவார். 160 கன சென்டிமீட்டர் ஆர்பிட்ரால் வைத்தால் சுற்று இரண்டுக்குள் அடங்கும். ஆயினும் இன்ஜின் நின்ற வேளையில் கை படும் பாடு இரட்டிக்கும். எனவே சிறியதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

அதே சிலிண்டர் 100 பார் அழுத்தத்தில் சுமார் ஒன்றரை டன் விசையுடன் தள்ளும். கைபலத்துக்கென்று செய்யப்பட்ட டை ராடும் பால் ஜாயிண்டும் அதைத் தாங்கும் என்று எண்ணலாகாது. ஸ்டீயரிங் கனமாக இருந்த காலத்தில் வரப்பில் முட்டிய சக்கரத்தை ஓட்டுநர் விட்டுவிடுவார். இலேசான பிறகு எதிர்ப்பு கையில் தெரியாமலே போய் டை ராடு வளையும். பெரிய டயர் மாட்டி, பெட்டியில் துளையிட்டுத் துணைச் சிலிண்டர் இணைக்கும் ஜீப்புகளிலும் கதை இதுவே. அங்கே சக்கரத்தைத் தடுக்கும் ஸ்டாப் போல்ட், சிலிண்டர் தன் ஓட்டத்தின் முடிவைத் தொடுமுன் பட வேண்டும். வேலை முடிந்ததும், முன் அச்சு தூக்கிய நிலையில் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றி, தொட்டியில் குறைந்ததை ஊற்றிய பின்பே வண்டியை வயலில் இறக்குவது முறை. ஜீப்புகளில் பெரும்பாலும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். எண்ணெயே பயன்படும், டிராக்டருக்குக் கையேடு சொல்வதை விட்டு வேறெதையும் கலக்கக்கூடாது.