அடித்து எழுதும் கழித்தல்: ஒரு பள்ளி வழிமுறை நிலைபெற்ற வரலாறு

503இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால், இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை 5ஐ அடித்து 4 என்றும், 0ஐ அடித்து 9 என்றும் எழுதி, 3ஐ 13 ஆக்கிக்கொள்ளும். இந்த அடித்தெழுதும் பழக்கம் காலங்காலமாக இருந்து வருவது என்று எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் அது ஏகபோகமானது 1940களை ஒட்டித்தான். இங்கிலாந்தில் இன்னும் தாமதமாக. அதற்கு முன் செல்வாக்கோடு இருந்த வேறொரு முறை வேகத்திலோ துல்லியத்திலோ தோற்று ஒதுங்கவில்லை. சிறு பிள்ளைக்கு அதன் காரணத்தை விளக்குவது கடினம் என்பதால் ஒதுக்கப்பட்டது. புதிய முறை ஒரு நிபந்தனையோடு வென்றது, அந்த நிபந்தனை வழியிலேயே நழுவிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாஸ்கரரின் லீலாவதி (1150) கழித்தலுக்கு மிகச் சுருக்கமான விதியையே தருகிறது: இடத்துக்கு இடம், எந்தத் திசையிலிருந்தும் கழிக்கலாம். செய்முறையை உரையாசிரியர்கள்தான் விரித்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் சூரியதாசர் எடுத்துக்கொண்ட கணக்கு 1000 − 360. பத்தாமிடத்துப் பூஜ்ஜியத்திலிருந்து 6 போகாது. எனவே ஒரு பத்தை எடுத்து, அதில் ஆறு போக மீதி நான்கை வைத்துக்கொண்டு, எடுத்த பத்தை அடுத்த இடத்தில் கழிக்க வேண்டும் என்கிறார். மணல் தூவிய பலகையில் எழுதி அழித்துக் கணக்கிட்ட மரபில் ஓர் இலக்கத்தை மாற்றுவது பெரிய வேலையே அல்ல. மையும் காகிதமும் வந்த பிறகுதான் அடித்தல் அசிங்கமாகத் தெரியத் தொடங்கியிருக்க வேண்டும்.

1478இல் இத்தாலியின் திரெவீசோ நகரில் அச்சான வணிகக் கணித நூலில் எந்த அடித்தலும் தேவைப்படாத வழி இருக்கிறது. அதன்படி நம் கணக்கைப் போட்டால், 3இல் 8 போகாது; 8 பத்தாக இன்னும் 2 வேண்டும்; அந்த 2ஐ 3உடன் கூட்டினால் விடை 5. பிறகு கீழே உள்ள 7ஐ 8 என்று கொள்ள வேண்டும். மேல் எண்ணில் கைவைப்பதே இல்லை. பதின்மூன்றில் எட்டு போக எத்தனை என்று மனப்பாடம் செய்யவும் வேண்டாம். பத்துக்குள் உள்ள சோடிகள் தெரிந்தால் போதும்.

இதன் நெருங்கிய உறவு சம கூட்டல் முறை. மேலே ஒன்றாமிடத்தில் பத்து ஒன்றுகளைச் சேர்த்தால், கீழே பத்தாமிடத்தில் ஒரு பத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டு எண்களும் ஒரே அளவு வளர்வதால் வித்தியாசம் மாறாது. 13இல் 8 போக 5. கீழ் 7ஐ 8 ஆக்கி, 10இல் 8 போக 2. கீழ் 1ஐ 2 ஆக்கி, 5இல் 2 போக 3. விடை 325. நடுவில் பூஜ்ஜியம் இருந்தாலும் தடுமாற்றம் இல்லை. 1914இல் லண்டன் பள்ளி ஆய்வாளர் பி. பி. பல்லார்ட் வெளியிட்ட சோதனை முடிவுகளும் இம்முறைக்கே சாதகமாக இருந்தன.

அப்படியானால் அது ஏன் போயிற்று? ட்யூக் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிரவுனல் 1939இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கத்தை அடித்து மேலே புதியதை எழுதும் உத்தியைச் சோதித்தார். அன்று அதை ஆசிரியர்கள் ஊன்றுகோல் என்றே குறிப்பிட்டார்கள்; பழகியதும் விட்டுவிட வேண்டிய தற்காலிகத் துணை. 1949இல் அவரும் ஹெரால்ட் மோசரும் ஏறத்தாழ 1,400 மூன்றாம் வகுப்பு மாணவர்களைக் கொண்ட பேராய்வை வெளியிட்டனர். அடித்தெழுதும் பிரித்தெடுத்தல், சம கூட்டல் என இரண்டு முறைகள், ஒவ்வொன்றும் பொருள் விளக்கியும், விளக்காமல் வெறும் செய்முறையாகவும் கற்பிக்கப்பட்டது. ஆக நான்கு பிரிவுகள். பொருள் விளக்கிக் கற்பித்த பிரித்தெடுத்தல் முறை முதலிடம் பெற்றது. வெறும் செய்முறையாகக் கற்பித்தால் சம கூட்டலே மேல் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. முதல் முடிவைப் பாடநூல்கள் பற்றிக்கொண்டன. இரண்டாவதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஊன்றுகோல் நிரந்தரமானது.

தலைமுறை மாற்றத்துக்கு எதிர்பாராத ஒரு சாட்சி 1965இல் வெளியான டாம் லேரரின் நகைச்சுவைப் பாடல். அவரே கணித ஆசிரியர். அதில் 342இலிருந்து 173ஐக் கழிக்கும்போது, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பொதுப்பள்ளிக்காரர்கள் கீழ் 7ஐ 8 ஆக்குவதையும், இளையவர்கள் மேல் 4ஐ 3 ஆக்குவதையும் பிரித்துக் காட்டுகிறார். கேட்டவர்கள் சிரித்தார்கள் என்றால், இரண்டு பழக்கங்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருந்தன என்று பொருள். இங்கிலாந்தில் 1960களுக்குப் பின், ஜோல்தான் தீனஸின் பெயரால் அறியப்படும் பத்தடுக்குக் கட்டைகள் வகுப்பறைக்குள் வந்தபோது அதே மாற்றம் நடந்தது. ஒரு பத்துக் கட்டையைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளை வாங்குவதைக் கையால் செய்துகாட்டலாம். இரண்டு எண்களையும் சமமாக வளர்ப்பதைக் கட்டைகளில் காட்டுவது அவ்வளவு எளிதல்ல.

1978இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பிள்ளைகளின் தவறுகளை வகைப்படுத்தியபோது, அவை கவனக்குறைவு அல்ல, ஒழுங்கான தவறான விதிகள் என்று காட்டினார்கள். நம் கணக்கிலேயே பார்க்கலாம். ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கு 475 வரும். பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு, நூறாமிடத்தைக் குறைக்க மறக்கும் பிள்ளைக்கு 425. இரண்டாவது தவறு பிரித்தெடுத்தல் முறைக்கே உரியது. சம கூட்டலில் 9 எழுதும் கட்டமே இல்லை.

லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட நூலில் 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டார். 53 − 26 போன்ற கணக்குக்குச் சீன ஆசிரியர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிப்புகளைச் சொன்னார்கள். 53ஐ 40, 10, 3 எனப் பிரித்து, பத்தில் ஆறு போக நான்கு, அதோடு மூன்றைச் சேர்த்து ஏழு என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் பக்கத்து இடத்தில் கடன் வாங்கும் செய்முறைக்கு அப்பால் போகவில்லை. பிரவுனலின் நான்கு பிரிவுகளில் இந்த அமெரிக்க வகுப்பறைகளை வைக்க வேண்டுமானால், விளக்கமில்லாத பிரித்தெடுத்தல் என்ற கட்டத்தில்தான் வைக்க முடியும். 1949இல் சம கூட்டலிடம் தோற்ற கட்டம் அது.