சும்மா இருந்த வாத்தியார்

என் தகப்பனார் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர். கோடை விடுமுறை தொடங்கிய மறுநாளே எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் சேர்ந்துவிடும். ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதித் தரும்படி கட்டோடு வருவார். இன்னொருவர் பட்டா மாற்ற மனு எழுத வருவார். அம்மன் கோயில் திருவிழாக் கணக்கு தானாகவே வந்து சேரும். "வாத்தியாருக்கென்ன, பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் சும்மாத்தானே இருக்கப் போகிறார்!" என்ற முன்னுரை எல்லோருக்கும் பொது. அப்பா சிரித்துக்கொண்டே பேனாவைத் திறப்பார். அந்தச் 'சும்மா' அவரை எவ்வளவு குத்தியது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

அந்தச் சொல்லுக்கு உரிய பதிலை வெகுகாலம் கழித்து ஒரு பிரெஞ்சு வாத்தியாரின் சரித்திரத்தில் கண்டேன். அவர் பெயர் ழான் ஆன்றி ஃபாபர். பானிப்பட்டில் வென்ற பாபருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் வென்ற சாம்ராஜ்யம் குளவிகளும் வண்டுகளும் குடியிருக்கும் முட்காடு.

1823-ல் தெற்குப் பிரான்ஸில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் ஃபாபர். 1842-ல் கார்ப்பந்த்ரா என்ற ஊரில் உபாத்தியாயர் வேலை கிடைத்தது. வருஷச் சம்பளம் 700 பிராங்க். ஒரு நாள் நில அளவை கற்பிக்கப் பையன்களை வெளியே அழைத்துப் போனார். அளவைக் கோலை நட வேண்டிய பையன் குனிந்து கூழாங்கல் பொறுக்குகிறான்; சங்கிலி பிடிக்க வேண்டியவன் வைக்கோல் துரும்பை எதிலோ விட்டு உறிஞ்சுகிறான். விசாரித்தால், கல்லின் மேல் கொத்தனார் போல மண்கூடு கட்டும் ஒருவகைத் தேனீ; அந்தக் கூட்டில் தேன்! நம் ஊர் வாத்தியாராக இருந்தால் பிரம்பு பேசியிருக்கும். ஃபாபர் தாமும் ஒரு துரும்பை எடுத்துக்கொண்டார். பிறகு பூச்சிகளைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தை ஒரு மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து வாங்கினார். அந்த மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இடையில் சில வருஷம் கார்ஸிகாத் தீவில் இருந்துவிட்டு, 1853-ல் அவிஞோன் நகரத்துப் பள்ளிக்கு வந்தார். பதினெட்டு வருஷம் அங்கே வேலை. சம்பளம் 1,600 பிராங்க், அதற்குமேல் உயரவில்லை. குடும்பமோ பெரிது. பள்ளி விட்டதும் வீடு வீடாகத் தனிப்பாடம் சொல்லப் போகவேண்டும். ஆகவே அவருக்கென்று மிஞ்சியவை வியாழக்கிழமை விடுமுறையும் கோடை விடுமுறையுந்தான்.

அந்தக் கோடையை அவர் எப்படிக் கழித்தார்? ரோன் நதியின் வலக்கரையில் இஸார் என்ற காடு இருக்கிறது. காடு என்று பெயரே ஒழிய, மணலும் குட்டைக் கருவாலிப் புதர்களுமே. நிழல் கிடையாது. உச்சி வெயிலில் மணலில் வளை தோண்டும் குளவிகளைப் பார்க்க ஒரு பெரிய குடையோடு போவார். குடையை மறந்துவிட்ட நாளில் மணல்மேட்டின் பின்னால் குப்புறப்படுத்து, முயல் வளைக்குள் தலையை நுழைத்துக்கொள்வாராம். இலக்கண சுத்தமாகப் பாடம் நடத்தும் கௌரவமான ஓர் ஆசிரியரை, தலை முயல் வளையிலும் உடம்பு வெயிலிலுமாக மனத்தில் எழுதிப் பாருங்கள்!

ஊர் பார்த்தது. காவல்காரன் சந்தேகப்பட்டான். ஒரு திராட்சை அறுவடைக் காலத்தில் மூன்று பெண்கள் கூலி வேலைக்குப் போகும்போது, பள்ளத்துப் பாதையில் ஒரு கல்லின்மேல் குந்தி மண்ணை வெறித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தார்கள். அந்தியில் தலையில் கூடையுடன் திரும்பினார்கள். மனிதர் அதே கல்லில், அதே பார்வையோடு இருந்தார். ஒருத்தி நெற்றியில் விரலை வைத்துக் காட்டி, 'பாவம், புத்தி சுவாதீனமில்லாத பிள்ளை' என்று தன் பாஷையில் இரங்கினாள். மூவரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். இந்தக் கதையை வெளியே சொன்னவர் ஃபாபரேதான்.

அந்தப் 'புத்தியில்லாத பிள்ளை' கண்டுபிடித்தது என்ன? குளவி தன் கூட்டில் வண்டுகளைச் சேர்த்து வைக்கிறது. அவை வாரக்கணக்கில் அழுகுவதில்லை. செத்த வண்டு கெடாதபடி குளவியின் விஷம் காக்கிறது என்று பெரிய நிபுணர்களே எழுதியிருந்தார்கள். ஃபாபர் பார்த்தார்: வண்டு சாகவே இல்லை! குளவி குறிபார்த்து நரம்பு முடிச்சில் கொட்டி, அசைவை மட்டும் பறித்துவிடுகிறது. குளவிக் குஞ்சு பொரித்து வந்ததும் தின்பதற்கு உயிருள்ள புது உணவு அது. 1855-ல் இதை வெளியிட்டார். மறு வருஷம் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் பரிசளித்தது. பிற்பாடு டார்வினும் அவருடைய பார்வையின் கூர்மையைப் போற்றினார்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் உபாத்தியாயர்களுக்கு மிகவும் பிடித்த உவமை. குளவிதான் ஆசிரியர், புழுதான் மாணவன். உண்மையில் புழுவின் கதி என்ன என்பது ஃபாபர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த உவமையை மேடையில் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது!

அவருடைய விடுமுறை முழுவதும் தவம் என்று எண்ணவேண்டாம், கும்மாளமும் உண்டு. சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள வான்ட்டூ மலைமேல் அவருக்குத் தீராத மோகம். 1865 ஆகஸ்டில் இருபத்துமூன்றாம் முறையாக ஏறினார். கூட நண்பர்கள், கோவேறு கழுதைகளின் முதுகில் ரொட்டி, பூண்டு செருகிய ஆட்டிறைச்சி, ஆலிவ் காய், முலாம்பழம். மேலே மழையும் மூடுபனியும் சூழ்ந்து வழி தவறிப்போயிற்று. ஒருபுறம் இறங்கினால் கிடுகிடு பள்ளம். தங்க வேண்டிய குடிசை எங்கே? காஞ்சொறி மனிதர் வாழும் இடத்தைச் சுற்றியே முளைக்கும் என்பது ஃபாபருக்குத் தெரியும். வெறுங்கையால் செடிகளைத் தடவிக்கொண்டே போனார்கள். கையில் சுருக்கென்று சொறி ஏறிய திக்கிலே குடிசை இருந்தது. படித்த படிப்பு உயிரைக் காத்தது என்று சொல்வது இதற்குத்தான் பொருந்தும்.

ஆனால் சம்பளமில்லாத உழைப்பை ஊர் சும்மா விடுமா? இலவச மாலை வகுப்பில் பெண்களுக்குப் பூவின் மகரந்தச் சேர்க்கையை விளக்கினார் என்று பழமைவாதிகள் கூச்சல் போட்டார்கள். வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். கையில் காசில்லை. அப்போது அவிஞோனில் வசித்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், எழுத்துப் பத்திரம்கூட இல்லாமல் 3,000 பிராங்க் கடன் கொடுத்தார். இருவரும் செடி கொடி தேடி ஒன்றாக அலைந்த சிநேகம் அது. ஃபாபர் வேலையை விட்டு, பள்ளிப் புத்தகங்கள் எழுதிப் பிழைத்து, அந்தக் கடனை அடைத்தார்.

கோடைப் பயணங்களில் அவருக்கு உதவியாக நின்றவன் மகன் ஜூல். பூவிலும் பூச்சியிலும் தகப்பனுக்கு நிகரான கண் உள்ளவன். 1877-ல், பதினாறு வயதில் அவன் இறந்துபோனான். ஃபாபர் புதிதாக விவரித்த மூன்று குளவி இனங்களுக்கு அவன் பெயரை வைத்தார். 1879-ல் செரிஞான் கிராமத்தில் 'ஹார்மா' என்ற முள்ளும் கல்லும் நிறைந்த தரிசு நிலத்தை வாங்கினார். நாற்பது வருஷம் ஆசைப்பட்ட சொந்த நிலம். இனி மணி அடிக்காத விடுமுறை. ஐம்பத்தைந்து வயதில் அது வந்தபோது உடன் நடக்கவேண்டிய பிள்ளை இல்லை. அங்கேயே 36 வருஷம் வாழ்ந்து, பூச்சிகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகளை முடித்து, 1915-ல் மறைந்தார்.

யாராவது "வாத்தியாருக்கென்ன" என்று தொடங்கினால் கூடை சுமந்த அந்த மூன்று பெண்களும் என் கண்முன் வருகிறார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். ஒரு மனிதன் தன் நேரத்தில் தனக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

என் தகப்பனாருக்கும் ஓர் ஆசை இருந்தது. எங்கள் வட்டாரத்துக் குளம், குட்டை, ஏரிகளின் பெயர்களையும் பெயர் வந்த கதைகளையும் கிழவர்களிடம் கேட்டு எழுதவேண்டும் என்று கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கியிருந்தார். அவர் காலமான பிறகு அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்பது குளங்கள் இருந்தன. அடுத்த பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தின் விலாசங்கள்.