பெயரால் பிறந்த பாதை

ஜேர்மனியின் தென்பகுதியில் வாழுகின்ற எங்கட சனத்தில் அநேகமானோர் வீதியோரத்தில் ஒரு மண்ணிறப் பலகையைக் கண்டிருப்பீர்கள். 'ரொமான்ரிஷ ஸ்ராஸ' என்று அதில் எழுதியிருக்கும். சில இடங்களில் ஜப்பானிய எழுத்திலும் அதே பெயரைக் காணலாம்.

1980களின் பிற்பகுதியில் இந்தப் பாதையோரத்துச் சிற்றூர் ஒன்றிலே, அகதிகள் விடுதியில் நான் இருந்தேன். எங்களுடன் இருந்த மூத்த அண்ணை ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, காதலிக்கிறதுக்கும் இவங்கள் தனியா றோட்டுப் போட்டிருக்கிறாங்கள் பார்" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஹைமில் எல்லோருக்கும் அது 'காதல் றோட்டு' தான்.

கடந்த கோடை விடுமுறையில் மகள் கார் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து அந்தப் பாதையை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன். வழியில் அவள் கேட்டாள்: "அப்பா, இந்த றோட்டு 1950 இல தொடங்கினது எண்டு போட்டிருக்கு. அதுக்கு முதல் இதில றோட்டே இருக்கேல்லையா?"

நல்ல கேள்வி. அதற்கான விடைதான் இந்தக் கட்டுரை.

றோட்டுப் பழசு, பெயர் புதிது

பாதை இருந்தது. இன்று நேற்றல்ல, இரண்டாயிரம் வருடங்களாக இருந்தது. இத்தாலியிலிருந்து அல்ப்ஸ் மலையைக் கடந்து டனியூப் நதி வரை உரோமர் போட்ட 'வியா கிளவ்டியா அவுகுஸ்ரா' என்னும் பெருவழி, ஃபூஸன், அவுக்ஸ்பேர்க் ஆகிய ஊர்களின் வழியாகத்தான் சென்றது. பின்னர் மத்திய காலத்தில் வணிகர் வண்டிகளும் யாத்திரிகரும் இந்த வழிகளால் போய் வந்தனர். இன்றும் இந்தச் சுற்றுலாப் பாதையின் பெரும் பகுதி இலக்கம் 25, இலக்கம் 17 ஆகிய சாதாரண நெடுஞ்சாலைகளை ஒட்டியே போகிறது.

ஆகவே 1950 இல் யாரும் புதிதாகத் தார் ஊற்றவில்லை. அந்த ஆண்டில் உருவானவை இரண்டே இரண்டு: ஒரு பெயரும், ஒரு உடன்பாடும். வடக்கே வூர்ட்ஸ்பேர்க்கிலிருந்து தெற்கே அல்ப்ஸ் அடிவாரத்து ஃபூஸன் வரை, ஏறக்குறைய 460 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஊர்கள் ஒன்றுசேர்ந்து, "நாங்கள் தனித்தனி ஊர்கள் அல்ல, ஒரே பாதை" என்று சொல்ல முடிவு செய்தன. அவுக்ஸ்பேர்க்கில் அதற்கான கூட்டமைப்பு உருவாயிற்று.

'ரொமான்ரிஷ' என்பதற்கு இங்கே காதல் என்று பொருள் அல்ல. பழைய மதில்கள், கோபுரங்கள், சிறு சந்துகள், மலையடிவாரத்து மாளிகைகள் என்பவற்றைக் காணும்போது மனதில் எழும் ஒருவித ஏக்கத்தையே அந்தச் சொல் குறிக்கிறது. எங்கட அண்ணை பிழையாக விளங்கிக்கொண்டார் என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் அந்த இரண்டாவது அர்த்தமும் சேர்ந்தே கேட்டது. பெயரின் கெட்டித்தனமே அதுதான்.

அதற்கு முன்னர் ஒரு பெயர்ப்பலகை

பாதைக்குப் பெயர் வைத்துப் பண்டம் விற்கும் யோசனை 1950 இல் பிறந்ததல்ல. 1935 ஒக்ரோபரில் நாசிக் கட்சியின் பிராந்தியத் தலைவர் யோசப் பூர்க்கல், பிரான்ஸ் எல்லையில் உள்ள ஷ்வைகன் முதல் பொக்கன்ஹைம் வரையான ஏறக்குறைய 85 கிலோமீற்றர் பாதையை 'ஜேர்மன் வைன் சாலை' என்று திறந்து வைத்தார். அடுத்த வருடம் ஷ்வைகனில் கல்லால் ஒரு பெரிய வாசலும் கட்டினார்கள்.

ஏன் திறந்தார்கள்? 1934 இலும் 1935 இலும் திராட்சை கனக்க விளைந்தது. வைன் விற்பனையாகாமல் தேங்கியது. அந்தப் பகுதியில் வைன் வியாபாரத்தின் பெரும் பங்கை நடத்தியவர்கள் யூத வணிகர்கள். அவர்களைத்தான் நாசிகள் தொழிலிலிருந்து துரத்திக்கொண்டிருந்தார்கள். வாங்கி விற்பவனைத் துரத்திவிட்டால் தோட்டக்காரனின் வைனை யார் வாங்குவது? ஆகவே நகரங்கள் ஒவ்வொரு வைன் கிராமத்தைத் தத்தெடுத்து அதன் வைனை வாங்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். கூடவே பாதைக்கு அழகான பெயரும் வைத்தார்கள். ஒரு பெயர் ஊரை வாழ வைக்கவும் செய்யும், ஊர் செய்த அநியாயத்தை மூடவும் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

சாம்பலிலிருந்து எழுந்த விளம்பரம்

இனி 1950 ஆம் ஆண்டுக்கு வருவோம். போர் முடிந்து ஐந்து வருடங்களே ஆகியிருந்தன. மேற்கு ஜேர்மனியில் உணவுப் பங்கீட்டு அட்டை முற்றாக நீங்கியதே அந்த வருடத்தில்தான். பாதையின் தொடக்க ஊராகிய வூர்ட்ஸ்பேர்க் 1945 மார்ச் 16 ஆம் திகதி இரவு இருபது நிமிடத்துக்குள் குண்டு வீச்சில் எரிந்துபோன நகரம். பழைய நகரத்தின் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அங்குள்ள ஆயர் மாளிகையின் கூரையும் எரிந்தது. ஆனால் மாடிப்படிக்கு மேலே இத்தாலிய ஓவியர் தியப்பொலோ வரைந்த பிரமாண்டமான விதான ஓவியம், கீழிருந்த கல் வளைவின் பலத்தால் தப்பியது. பின்னர் மழையில் அது அழிந்துவிடாமல் ஓடி ஓடி மரமும் கூரைப்படங்கும் தேடிப் போட்டவர் ஜோன் ஸ்கில்ரன் என்னும் அமெரிக்க அதிகாரி.

றொத்தன்பேர்க் நகரத்திலும் 1945 மார்ச் 31 ஆம் திகதி குண்டு விழுந்தது. பழைய நகரில் ஏறக்குறைய நாற்பது வீதம் நாசம். எஞ்சியதையும் பீரங்கியால் அடிக்க இருந்த வேளையில், அமெரிக்கப் போர் அமைச்சில் உயர் பதவியில் இருந்த ஜோன் மக்லோய் தலையிட்டுத் தடுத்தார். அவருடைய தாயார் முன்பொருகால் அந்த ஊரைப் பார்த்து வந்து அதன் அழகைச் சொல்லியிருந்தாராம். ஒரு உல்லாசப் பயணியின் நினைவு ஒரு ஊரைக் காப்பாற்றிய கதை இது. மதிலைத் திரும்பக் கட்ட உலகின் பல பாகங்களிலிருந்தும் பணம் வந்தது. கொடுத்தவர்களின் பெயர்களை இன்றும் மதிற் கற்களில் வாசிக்கலாம்.

இப்படிப்பட்ட நாட்டுக்கு யார் உல்லாசப் பயணம் வருவார்கள்? முதலில் வந்தவர்கள் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரும் அவர்களின் குடும்பத்தினரும்தான். பாதை முழுவதும் அமெரிக்க ஆக்கிரமிப்பு வலயத்திலேயே இருந்தது. அவர்களிடம் காரும் இருந்தது, டொலரும் இருந்தது. நேற்றுவரை எதிரியாக இருந்தவனுக்குத் தன் நாட்டின் வேறொரு முகத்தைக் காட்ட வேண்டிய தேவை ஜேர்மன்காரனுக்கு இருந்தது. ஹிட்லரின் ஜேர்மனி அல்ல, இது கோபுரங்களினதும் பாட்டினதும் ஜேர்மனி என்று சொல்லும் ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயர்தான் இது.

கூட்டு எப்படி வேலை செய்தது?

இதில் எங்கட சங்கங்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வூர்ட்ஸ்பேர்க், அவுக்ஸ்பேர்க் இரண்டும் பெருநகரங்கள். றொத்தன்பேர்க் உலகப் புகழ் பெற்றது. ஆனால் றொட்டிங்கன், வாலர்ஷ்ரைன், ஹார்பூர்க் போன்றவை சின்னஞ்சிறு இடங்கள். தனியே விளம்பரம் செய்ய அவற்றுக்கு வசதியில்லை. பெரியவற்றுக்கோ, வந்தவன் ஒரு நாளில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான் என்ற கவலை. பாதை என்று ஆனவுடன் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. பெரிய ஊரைப் பார்க்க வந்தவன் சின்ன ஊரில் சாப்பிடுகிறான், அடுத்த ஊரில் படுக்கிறான்.

ஊர்கள் பங்குப் பணம் கொடுக்கும். ஒரே வரைபடம், ஒரே துண்டுப்பிரசுரம், ஒரே நிறப் பலகை. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் பேசுவார். பஸ் கம்பனி, ஹோட்டல்காரர், பயண முகவர்கள் என்று ஆளுக்காள் சேர்ந்துகொண்டனர். போட்டிக்காரர் கூட்டாளிகளாயினர். பிறகு ஜப்பானியர் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். ஜப்பானிலும் இதே பெயரில் ஒரு பாதை உருவாகி, இரண்டும் சகோதரப் பாதைகளாயின. இதைப் பார்த்து, ஹானாவிலிருந்து பிறேமன் வரை 1975 இல் 'தேவதைக் கதைச் சாலை' வந்தது. இன்று ஜேர்மனியில் இப்படிப் பெயர் பெற்ற பாதைகள் ஏறக்குறைய 150 இருக்கின்றன.

பிரசுரத்தில் இல்லாத ஊர்க்கதை

நான் அறியாமல் இருந்த ஒரு விடயத்தை இந்தப் பயணத்தில்தான் அறிந்தேன். பாதையில் லெஹ் ஆற்றங்கரையில் லாண்ட்ஸ்பேர்க் என்று ஒரு அழகிய ஊர். 1924 இல் ஹிட்லர் சிறையிருந்து தன் புத்தகத்தை எழுதத் தொடங்கியது இங்கேதான். 1944 யூன் முதல் 1945 ஏப்ரல் வரை, இந்த ஊரைச் சுற்றியும் அயலூரான கவுபெரிங்கிலும் டஹாவ் வதைமுகாமின் கிளை முகாம்கள் பதினொன்று இருந்தன. ஏறக்குறைய 23,000 கைதிகள் நிலக்கீழ் விமானத் தொழிற்சாலை கட்டக் கொண்டுவரப்பட்டனர். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் வேலையாலும் செத்தனர்.

போர் முடிந்ததும் தப்பிய யூதர்களை அங்கிருந்த படைமுகாம் கட்டிடங்களில் தங்க வைத்தார்கள். ஆம், அகதி முகாம்! ஏறக்குறைய ஐயாயிரம் பேர் ஒரு காலத்தில் அங்கிருந்தனர். தங்கள் குழுவைத் தாங்களே வாக்களித்துத் தெரிவு செய்தனர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்குத் தொழிற்பயிற்சி, நாடகம் எல்லாம் நடத்தினர். 1945 ஒக்ரோபரிலேயே தங்கள் இத்திஷ் மொழியில் பத்திரிகை வெளியிட்டனர். ஆனால் அந்த மொழிக்குரிய ஹீப்ரு அச்செழுத்து கிடைக்கவில்லை. அதனால் லத்தீன் எழுத்திலேயே தங்கள் மொழியை அச்சடித்தனர்.

இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கட சங்கத்தின் முதல் மலர் எப்படி வந்தது என்பது பழைய ஆக்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்து அச்சடிக்க வழியில்லாமல் கையால் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து, ஊசிநூலால் கட்டியதுதான் அது.

லாண்ட்ஸ்பேர்க் அகதி முகாம் மூடப்பட்டது 1950 ஒக்ரோபரில். பாதைக்குப் பெயர் வைத்ததும் அதே 1950. ஒரே ஊரில், ஒரே வருடத்தில், ஒரு சனம் மூட்டை கட்டிப் போயிற்று. இன்னொரு சனத்தை வரவேற்கப் பலகை நட்டார்கள். றொத்தன்பேர்க்கில் எஞ்சியிருந்த யூதர்களை 1938 ஒக்ரோபரில் ஊரை விட்டே துரத்தியதும் பிரசுரத்தில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதைகளைத் திரும்பவும் பாதைக்குக் கொண்டு வந்தவர்கள் அந்தந்த ஊர்ச் சனமே. 1980களில் லாண்ட்ஸ்பேர்க் மக்கள் சிலர் சங்கம் அமைத்து, முகாமின் மண்குடிசைகள் இடிந்து போகாமல் காத்தார்கள். அவர்களோடு அயலவர்கள் கோபித்திருப்பார்கள், "ஊர்ப் பெயரைக் கெடுக்கிறீர்கள்" என்று ஏசியிருப்பார்கள். இல்லாமல் இருக்குமா?

துண்டு வாங்கிய காலம்

நாங்கள் அந்தப் பாதையோரத்தில் இருந்தும் அதில் போகாதது ஏன் என்று மகள் கேட்டாள். 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அகதி விண்ணப்பம் செய்தவர் தான் இருக்கும் மாவட்டத்தைத் தாண்ட அனுமதித் துண்டு வேண்டும். அந்தச் சட்டம் பெருமளவு தளர்ந்தது 2015 இல்தான். ஒருமுறை அவுக்ஸ்பேர்க்கில் எங்கட ஆக்கள் சித்திரை விழா வைத்தார்கள். எனக்குத் துண்டு கிடைக்கவில்லை. காதல் றோட்டு என்று பெயர் வைத்த அண்ணை துண்டில்லாமலே போனார். ரயிலில் பொலிஸ் பிடித்துத் தண்டம் எழுதியது. ஊர்களை ஒன்று சேர்க்கவென்று உண்டான பாதை எங்களுக்கு மாவட்ட எல்லையில் முடிந்துபோயிற்று. பலகையில் ஜப்பானிய எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்கு, அந்தப் பாதை ஆருக்கு என்பது நல்லாய் விளங்கியது.

நான் இதைக் குறை சொல்ல எழுதவில்லை. மதில் மேலே நடந்து பார்த்தேன், வீஸ் தேவாலயத்தின் உள்ளழகைப் பார்த்தேன். எல்லாம் அழகுதான், பொய்யில்லை. ஆனால் நாங்கள் இருந்த விடுதியைத் தேடினேன். அது இப்போது குடியிருப்பு வீடுகள். எங்களைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே இல்லை. யார் எழுதுவார்கள்? நாங்கள்தான் எழுத வேண்டும்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் ஒரு வேண்டுகோள். எந்த ஊரில், எந்த வருடம், எந்த ஹைமில் இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மலரில் ஊர்வாரியாகச் சேர்த்துப் போடுவோம். அண்ணையின் பெயரோடு நான் தொடங்கி வைக்கிறேன்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்!