பேராக்கில் தங்கும் விடுதி உரிமக் கட்டணம்: சுகாதார வாரியம் முதல் சுற்றுலா வரி வரை

பேராக் மாநிலத்தில் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் முறை நகரச் சுகாதாரக் கண்காணிப்பை ஒட்டி வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை நாடி ஆட்கள் திரண்டனர். ஈப்போ விரைந்து பெருகியது. 1892இல் பெருந்தீ அந்நகரின் பெரும்பகுதியை அழித்தது. நெரிசல், நோய், தீ ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பது சுகாதார வாரியத்தின் பொறுப்பாக இருந்தது. பின்னர் நகர வாரியச் சட்டம் (அத்தியாயம் 137) மலாய் கூட்டு மாநிலங்களின் நகர நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியது.

அக்காலத்தில் அரசே விடுதிக்காரராகவும் இருந்தது. மாவட்டத் தலைநகர்களில் அரசு ஓய்வு இல்லங்கள் இயங்கின. அலுவல் பயணத்தில் வரும் அதிகாரிகளுக்கே அங்கு முன்னுரிமை. ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் முடிந்த ஈப்போ ரயில் நிலையக் கட்டடத்திலும் விடுதி இடம்பெற்றது. இத்தகைய இடங்களில் விருந்தினர் செலுத்தியது வாடகை. உரிமக் கட்டணம் தனியார் விடுதிகளுக்கே உரியது.

1957ஆம் ஆண்டு அரசமைப்பு, விடுதிகள் மீதான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கியது. ஒன்பதாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் உணவு, உறைவிட விடுதிகள் சந்தைகளோடும் இடுகாடுகளோடும் சேர்த்து வைக்கப்பட்டன. பத்தாம் அட்டவணை, சில விலக்குகள் நீங்கலாக, உரிமங்களின் வருவாயை மாநிலங்களுக்கு ஒதுக்கியது.

இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171). அதன் 107ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்றம் உரிமக் கட்டணத்தை நிர்ணயிக்கலாம். வளாகத்தைச் சோதனையிடும் செலவையும் வசூலிக்கலாம். ஓர் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அதைப் பார்வையில் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். மன்றம் இயற்றும் துணைச் சட்டமோ மாநில அரசின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியான பின்பே நடைமுறைக்கு வரும். கட்டணத்தைக் கணக்கிட அறைகளின் எண்ணிக்கை, தளப்பரப்பு போன்றவை அளவுகோலாகின்றன. ஈப்போவில் இப்பொறுப்பு, 1988 மே 27இல் மாநகர் தகுதி பெற்ற மன்றத்திடம் உள்ளது.

ஊராட்சி முறையில் நேர்ந்த இம்மாற்றம் தோட்டப்புறத்தையும் தொட்டது. நகர வாரியங்களின் எல்லைக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டங்களில் லயன் வீடுகளைத் தொழிலாளர் சட்டமே கண்காணித்தது. ஊராட்சி மறுசீரமைப்புக்குப் பின் நாட்டுப்புறங்களும் மாவட்ட மன்றங்களின் வரம்புக்குள் வந்தன. எனவே, கைவிடப்பட்ட துரை பங்களா ஒன்றை விருந்தினர் விடுதியாக்க மன்றத்தின் உரிமம் வேண்டும்; ஆனால் உரிமக் கட்டணம் மட்டும் போதாது. நிலம் விவசாயப் பிரிவில் இருந்தால் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்கீழ் பயன்பாட்டு மாற்றம் பெற வேண்டும். அதற்கு மாநில அரசு பிரிமியம் விதிக்கலாம். திட்டமிடல் அனுமதியும் தேவை. பழைய தோட்டங்களில் உரிமக் கட்டணத்தைவிட இச்செலவுகளே சுமையாகக் கூடியவை.

ஊராட்சி மன்றத்துக்கும் மாநிலத்துக்கும் அடுத்து, மூன்றாவது அடுக்கு கூட்டரசிடமிருந்து வந்தது. கூட்டரசுப் பட்டியலில் பிற்பாடு சேர்க்கப்பட்ட சுற்றுலா என்னும் துறையின்கீழ், 2017 செப்டம்பர் 1 முதல் சுற்றுலா வரி நடப்புக்கு வந்தது. வெளிநாட்டு விருந்தினர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் செலுத்துகின்றனர். ஓர் அறையில் 30 இரவு தங்கினால் 300 ரிங்கிட். அதை விடுதி திரட்டிச் சுங்கத்துறைக்குச் செலுத்துகிறது. 2023 ஜனவரி 1 முதல் இணையத் தளங்கள் வழியான பதிவுகளுக்கும் வரி விரிந்தது. பினாங்கு இதற்கு முன்பே, 2014இல், தங்கும் விருந்தினரிடம் உள்ளூர்க் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியிருந்தது: நான்கு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் 3 ரிங்கிட், மற்றவற்றில் 2 ரிங்கிட்.

உரிமக் கட்டணத்துக்கும் இத்தகைய இரவுக் கட்டணங்களுக்கும் அடிப்படை வேறு. உரிமக் கட்டணம் விடுதி நடத்துநரிடம், அறை நிரம்பினாலும் காலியாக இருந்தாலும், வசூலிக்கப்படுகிறது. கண்காணிப்பே அதன் நியாயம். இரவுக் கட்டணமோ விருந்தினர் வந்தால்தான் கிடைக்கும். வருவாய் திரட்டலே அதன் நோக்கம்.