கவிழ்ந்தா நிமிருமா? பழைய பாய்மரப் படகு வாங்கினவங்க கதை

பழைய பைக் வாங்கப் போனா நம்ம என்ன பார்ப்போம்? மீட்டர், டயர், சைலன்ஸர்ல வர்ற புகை. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரையும் கூட்டிட்டுப் போவோம். அப்புறம் வண்டி மக்கர் பண்ணினாலும் ஓரமா நிறுத்திட்டு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துடலாம். இன்னைக்கு நான் பேசப்போறது, ஓரமே இல்லாத இடத்துக்குப் போறதுக்காகப் பழைய வண்டி வாங்கினவங்களைப் பற்றி. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கரை தெரியாது. அந்தப் பயணத்துக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு பாய்மரப் படகை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேல வரலாறு இருக்கு.

தொடக்கப் புள்ளி 1892, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். ஜோஷுவா ஸ்லோகம் பெரிய பாய்மரக் கப்பல்களின் கேப்டன். நீராவிக் கப்பல் வந்துவிட்டது, இவருக்கு வேலை போய்விட்டது. திமிங்கில வேட்டைக் கப்பல் ஓட்டிய நண்பர் ஒருவர், உனக்கு ஒரு கப்பல் தர்றேன், கொஞ்சம் பழுதுபார்க்கணும் என்றார். போய்ப் பார்த்தால் ஃபேர்ஹேவன் என்ற ஊரில், கடலில் இல்லை, வயலில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஏழு வருஷமாக அங்கேயேதான். பேர் 'ஸ்ப்ரே'. நண்பருடைய ஜோக் அது.

ஸ்லோகம் அதை ஜோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஓக் மரத்தை வெட்டி, ஒவ்வொரு பலகையாக மாற்றி, 13 மாதம் உழைத்தார். செலவு 553 டாலர் 62 சென்ட். பழசில் என்ன மிச்சம் இருந்தது என்று கேட்டால், பேரும் வடிவமும்தான். 1895 ஏப்ரலில் பாஸ்டனை விட்டுக் கிளம்பி, 1898 ஜூனில் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். உலகைத் தனியாகப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் அவர்தான்.

இதோட கதையை முடிச்சா அழகா இருக்கும். ஆனா எனக்கு ஒரு உறுத்தல். 'ஸ்ப்ரே' உலகைச் சுற்றிவிட்டது, அதனால் அது நல்ல படகு என்று பலர் முடிவு செய்தார்கள். அதே வடிவத்தில் நகல்கள் கட்டினார்கள். 'ஸ்ப்ரே'யின் நீளம் சுமார் 37 அடி, அகலமே 14 அடிக்கு மேல். படகைச் சாயாமல் வைக்கும் எடை முழுக்க உள்ளே, சிமெண்ட் கட்டிகளாக. கீழே தனியாக ஈயமோ இரும்போ கிடையாது. தாம்பாளத்தைத் தண்ணியில மிதக்கவிட்டுப் பாருங்க. சும்மா ஆடாம அழகா நிக்கும். ஆனா குப்புறக் கவிழ்ந்துட்டா, கவிழ்ந்தபடியே அதே அழகோட நிக்கும். அகலமான, ஆழமில்லாத படகுக்கும் இதே குணம் உண்டு. 'ஸ்ப்ரே' கவிழாமல் திரும்பி வந்ததற்கு ஸ்லோகமின் கைதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. 1909 நவம்பரில் அதே படகில் கிளம்பியவர் திரும்பவே இல்லை.

ஆக முதல் கேள்வி: இந்தப் படகு இதுவரை எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதல்ல, கவிழ்ந்தால் நிமிருமா என்பது. இது எல்லாருக்கும் உறைக்க இன்னும் 70 வருஷம் ஆனது.

நடுவில் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கதை. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், வணிகக் கப்பலில் அதிகாரி. 1960களில் பம்பாயில் தேக்கு மரத்தில் 32 அடிப் படகு ஒன்று கட்டவைத்தார். பேர் 'சுஹைலி'. வடிவம் அன்றைக்கே பழசு. அதைப் பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஓட்டிவந்தார். 1968இல், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டி வந்தது. அவர் ஆசைப்பட்டது 'சுஹைலி'க்கு அல்ல, 53 அடியில் புத்தம்புது இரும்புப் படகுக்கு. வரைபடம்கூடத் தயார். பணம் சேரவில்லை. வேறு வழியில்லாமல் இருந்ததை எடுத்துக்கொண்டு போனார்.

போகும் வழியில் கீலை ஒட்டிய பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. (கீல் என்றால் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு.) நடு அட்லாண்டிக்கில் தானே குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கில் பருத்தியைத் திணித்து, மேலே செப்புத் தகடு அடித்தார். நடுவில் சுற்றிவந்த சுறாவைச் சுட வேண்டியிருந்தது. தானாகத் திசைபிடிக்கும் கருவி பாதி வழியிலேயே போய்விட்டது. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22இல் கரை சேர்ந்தார். கிளம்பியது ஒன்பது பேர், முடித்தது இவர் ஒருவர்தான். கடைசி நேரத்தில் அவசரமாகக் கட்டிய புதுப் படகில் போன டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் படகு, ஆளில்லாமல் அட்லாண்டிக்கில் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டெடுத்தார்கள்.

கத்தி போலக் கூர்மையான படகு இல்லை 'சுஹைலி'. மெதுவாகத்தான் போகும். ஆனால் எங்கே ஒழுகும், எது உடையும், எதைக் கையால் சரிசெய்யலாம் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். பழைய படகில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தகவலைத்தான்னு எனக்குத் தோணுது.

இப்போ 1979. தென் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கே இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயம். 303 படகுகள். ஆகஸ்ட் 13 இரவு புயல் அடித்தது. பந்தயத்தில் இருந்த 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டு இறங்கினார்கள். அவற்றில் 19 படகுகள் பிறகு மிதந்த நிலையில் கிடைத்தன. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்னு யோசிங்க. ரப்பர் மிதவையில் இறங்கியவர்களில் சிலர் செத்தார்கள். அவர்கள் விட்டுவந்த படகு மூழ்கவில்லை.

மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒரே ஒரு படகு: 'அசென்ட்', காண்டெஸ்ஸா 32 என்ற மாடல். 1970களின் தொடக்கத்தில் வந்த சாதாரணக் குடும்பப் படகு. விசாரணையில் இந்த மாடலையும், அந்தக் காலத்துப் பந்தயப் படகு ஒன்றையும் கணக்குப் போட்டு ஒப்பிட்டார்கள். பந்தய விதிகள் அகலமான, லேசான படகுக்குச் சலுகை கொடுத்ததால் வடிவமைப்பாளர்கள் அப்படியே கட்டினார்கள். அந்தப் படகு 120 டிகிரி சாய்வதற்குள்ளேயே நிமிரும் சக்தியை இழந்துவிடும். பிறகு தலைகீழாகவே நிற்கும். காண்டெஸ்ஸா கிட்டத்தட்ட முழுசாகக் கவிழ்ந்தாலும் எழுந்துவிடும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி, குறுகலான உடல், அடியில் கனம். பழைய படகு தேடுகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கோணத்தைக் கேட்டுத்தான் பேரம் பேசுகிறார்கள். சந்தையில் பளபளப்பாக, உள்ளே பெரிய சோஃபாவோடு நிற்கும் படகைவிட இருட்டான, ஒடுக்கமான காண்டெஸ்ஸாவை ஏன் தேடுகிறார்கள் என்றால் இதுதான் காரணம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இல்லைன்னா செகண்ட் ஹேண்ட் சந்தையே புரியாது. மரப் படகு உளுத்துப்போகும். 1959இல் நியூயார்க் கண்காட்சியில் 'பியர்சன் ட்ரைட்டன்' வந்தபோது ஃபைபர் கிளாஸ் படகு நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது. ஃபைபர் கிளாஸ் உளுக்காது. அதனால் 50 வருஷம் பழைய உடல்கள் இன்னும் துறைமுகங்களில் நிற்கின்றன, மலிவாக. மலிவுதான் பொறி. உடல் நன்றாக இருக்கும். தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே வைத்த பால்ஸா மரம், திருகு ஓட்டை வழியாக நீர் இறங்கி, கஞ்சியாகியிருக்கும். ஆய்வாளர் சின்ன சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பது அதற்காகத்தான். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு கம்பிகளும், அவை உடலோடு சேரும் தகடுகளும் வெளியே மின்னும், மறைவான இடத்தில் விரிசல் விட்டிருக்கும். கீல் போல்ட், சுக்கான் தண்டு, எல்லாமே கண்ணுக்குத் தெரியாத இடம். படகின் விலையைப் போலவே இன்னொரு பங்கு இதற்கெல்லாம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு போவது நல்லது.

2018இல் கோல்டன் குளோப் போட்டி மீண்டும் தொடங்கியபோது விதியே பழைய படகுக்குத்தான்: 1988க்கு முந்தைய வடிவம், 32இலிருந்து 36 அடி, நீளமான கீல், அதன் பின் விளிம்பில் சுக்கான். நம்ம அபிலாஷ் டோமி 'சுஹைலி'யின் வடிவில் கோவாவில் புதிதாகக் கட்டிய 'துரியா'வில் போனார். தென் இந்தியப் பெருங்கடலில் படகு புரண்டு பாய்மரம் உடைந்தது, அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. அப்புறமும், 2022இல் ஏற்கெனவே ஓடிய ரஸ்ட்லர் 36 ஒன்றில் போய், 236 நாளில் இரண்டாவதாக வந்தார்.

முதலாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பழைய கேப் ஜார்ஜ் 36ஐத் தேடிப் பிடித்து, பிரின்ஸ் எட்வர்ட் தீவில் தங்கிப் பழுதுபார்த்தவர். பந்தயத்தின் நடுவே, நவம்பரில், ஃபின்லாந்தின் டாபியோ லெஹ்டினனின் படகு பின்பக்கமாகச் சில நிமிடங்களில் மூழ்கியது. பழைய, பேர்பெற்ற வடிவமைப்பு. பந்தயத்துக்காக நன்றாகப் பலப்படுத்தியிருந்தார். அப்படியிருந்தும் போய்விட்டது. ஒரு நாள் முழுக்க ரப்பர் மிதவையில் இருந்தவரைக் கிர்ஸ்டன் திசைமாறிப் போய் ஏற்றிக்கொண்டார். இருவரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ரம் குடித்தார்கள். பிறகு அவரை வழியில் வந்த சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, தன் பழைய படகின் பாயை மறுபடி விரித்தார்.